பெட்டி காட்டிய எழுத்து

நமது கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதி அனுப்புமாறு அதன் ஆசிரியர் கேட்டபொழுது, பழைய மாணவர் பலரும் எழுதும் விடுதி நினைவுகளையே நானும் எழுதலாம் என்று முதலில் எண்ணினேன். ஆயினும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பத்தோராண்டு கணக்கெழுதி ஓய்வு பெற்ற என் போன்றவன் இளைஞர்க்கு உபயோகமாகச் சொல்லக்கூடியது, தான் பட்ட அடியைத் தவிர வேறு அதிகமில்லை. ஆகவே அதனையே எழுதத் துணிந்தேன். கிரிப்டோ நாணயத்தை வாங்குக என்றோ வாங்கற்க என்றோ சொல்ல நான் வரவில்லை. வாங்கி வைத்திருப்போர் நம் மாணவருள்ளும் உளர் என்பதை அறிவேன். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறேன்.

என் தம்பி அதே தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்பவன். எங்கள் தந்தையார் திருநின்றவூரில் வாங்கிப் போட்டிருந்த சிறு மனையை 2021ஆம் ஆண்டில் விற்றபொழுது, அவன் தன் பங்கில் இரண்டு இலட்சம் ரூபாயை என்னிடமே கொடுத்து, “அண்ணா, நீங்கள் படித்தவர், எதில் போட்டால் வளருமோ அதில் போடுங்கள்” என்றான். நான் கேட்டறிந்ததும் படித்தறிந்ததுமாகச் சேர்த்து, ஒரு பகுதியை ஈதர் என்னும் நாணயத்திலும், மற்றொரு பகுதியை டாலரோடு விலை ஒட்டி நிற்கும் டெதர் என்னும் நாணயத்திலும் இட்டேன். அவன் கேட்ட கேள்வி ஒன்றுமில்லை. கேளாமல் கொடுத்தவனுடைய பணம் கேட்டுக் கொடுத்தவனுடைய பணத்தைக் காட்டிலும் கனமானது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

முதலில் அந்நாணயங்கள் ஒரு வாணிப நிலையத்தின் கணக்கிலேயே கிடந்தன. சாவி பிறர் கையில் இருக்கும் வரையில் பணமும் பிறருடையதே என்று பலர் சொல்லக் கேட்டு, 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கட்டைவிரலளவு அகலமும் அதனினும் சற்று நீளமும் உள்ள ஹார்டுவேர் வாலட் ஒன்றை அதனைச் செய்யும் நிறுவனத்தாரிடமிருந்தே நேராக வரவழைத்தேன். எங்கள் வீட்டில் இன்றும் அதற்குப் பெயர் ‘பெட்டி’ என்பதே. இடைத்தரகரிடம் வாங்கலாகாது; இரகசியச் சொற்களை முன்னமே எழுதி வைத்து, “இவற்றையே உபயோகிக்க” என்ற சீட்டுடன் வரும் பெட்டிகளும் உண்டு. அவ்வாறு வந்தால் அச்சொற்கள் திருடனுக்கும் தெரிந்தவை என்பது பொருள்.

இப்பெட்டியின் காரியம் இன்னது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கணினியின் உலாவியில் ஓர் இணைப்பாக அமரும் பணப்பைகள் பல உண்டு. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த மெட்டாமாஸ்க் அவற்றுள் பெயர் பெற்றது. அத்தகைய பணப்பையைத் தனியே உபயோகித்தால், சாவி கணினிக்குள்ளேயே, கடவுச்சொல்லால் பூட்டப்பட்டுக் கிடக்கும். கணினியில் ஒரு கள்ள நிரல் புகுந்துவிட்டால் பூட்டும் சாவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தமை அதற்கு வசதியாகிவிடும். பெட்டியோடு சேர்த்து உபயோகித்தாலோ, சாவி பெட்டியை விட்டு ஒருபொழுதும் வெளியே வாராது. உலாவி கட்டளையை எழுதி யூஎஸ்பி கம்பி வழியே பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதனைத் தன் சிறு திரையில் காட்டும். நாம் பொத்தானை அமுக்கினால் கையொப்பம் மட்டும் திரும்பிச் செல்லும். சாவி என்பது 78 இலக்கம் வரை நீளக்கூடிய ஓர் எண். அதனை ஊகித்து அறிதல் மானிடர்க்கு ஆகாது.

அவ்வெண்களுக்கெல்லாம் மூலமாயிருப்பவை 24 ஆங்கிலச் சொற்கள். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப்பட்டியலிலிருந்து பெட்டியே அவற்றைத் தெரிந்தெடுத்து, ஒரே ஒரு முறை காட்டும். வரிசை பிறழாமல் நாம் எழுதிக்கொள்ள வேண்டும். பெட்டி உடைந்தாலும் தொலைந்தாலும் இச்சொற்களைக் கொண்டு வேறொரு பெட்டியில் அனைத்தையும் மீட்கலாம். அது போலவே, இச்சொற்களைக் கண்டவன் எவனும் பெட்டி இன்றியே அனைத்தையும் எடுத்துச் செல்லலாம். இதனால், இவற்றைப் படம் பிடித்தலும், மின்னஞ்சலில் இட்டு வைத்தலும், கணினியில் தட்டெழுதுதலும் கூடா. பெட்டி வாங்கிய பலர், உலாவிப் பணப்பையைத் தொடங்கும்பொழுது அது “மீட்புச் சொற்கள் உளவா?” என்று வினவ, அங்கே அந்த 24 சொற்களையும் இட்டுவிடுகின்றனர். அக்கணமே பெட்டி வெறும் பொம்மையாகிவிடுகிறது. செய்ய வேண்டுவது அதுவன்று. ‘ஹார்டுவேர் வாலட்டை இணைத்தல்’ என்னும் வேறொரு வாயிலைத் தெரிந்தெடுத்தலே ஆம். இதில் நான் பிழை செய்யவில்லை. சொற்களைக் காகிதத்தில் எழுதி, மரப்பெட்டியின் அடியில், மணமான காலத்துப் பட்டுப் புடவைகளுக்குக் கீழே வைத்தேன்.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பட்டாபிராமிலும் நீர் புகாத தெருக்கள் சிலவே. தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் நீரில் நின்றன. என் வீட்டுக் கூடத்தில் முழங்காலளவு நீர். மனைவி புடவைகளை எடுத்து மாடியில் உலர்த்தினாள். நான் காகிதத்தை எடுத்து உலர்த்தினேன். மை பரவியிருந்ததேயன்றி எழுத்து அழியவில்லை. அன்றே அதற்கு வேறு வழி தேடியிருத்தல் வேண்டும். “பிறகு பார்க்கலாம்” என்று விட்டேன்.

இனி நான் பட்ட அடிக்கு வருகிறேன். 2024 மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் மாலை, டெதரில் சிறிதளவை ஈதராக மாற்ற விரும்பினேன். மாற்றித் தரும் தளத்தின் முகவரியைக் குறித்து வைக்காமல், தேடு பொறியில் பெயரைத் தட்டி, முதலில் நின்றதைத் திறந்தேன். முதலில் நின்றது விளம்பரம். பெயரில் ஓர் எழுத்து வேறு. நிறம், வடிவம், சின்னம் எல்லாம் உள்ளபடியே இருந்தன. அது பணப்பையை இணைக்கச் சொல்லிற்று, இணைத்தேன். “அனுமதி தருக” என்றது. இவ்வகை மாற்றங்களில் அனுமதி கேட்பது வழக்கமே ஆதலின் எனக்கு ஐயம் எழவில்லை. பெட்டியில் எழுத்துக்கள் ஓடின. நான் பொத்தானை அமுக்கிக்கொண்டே சென்றேன். பெட்டி இருக்கும்பொழுது என்ன பயம் என்ற நினைப்பு. மூன்று நிமிடத்திற்குள் 600 டெதர், அதாவது அந்நாளைய விலையில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாத பணம், எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்குச் சென்று மறைந்தது. ஈதர் அப்படியே இருந்தது.

இணையக் குற்றங்களுக்கென உள்ள 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் பதிந்தேன். பணம் அதற்குள் பல கை மாறிவிட்டது. மனைவியிடம் சொன்னேன், தம்பியிடம் சொல்லவில்லை. ஏப்ரல், மே, ஜூன் என மாதங்கள் சென்றன. ஞாயிறுதோறும் அவன் கொரட்டூரிலிருந்து வந்து காப்பி குடித்துவிட்டுப் போவான். நான் ஊர்ச் செய்தி பேசுவேன். முப்பத்தோராண்டில் ஒரு நாளும் என் பேரேட்டில் மறைத்த வரி ஒன்று இருந்ததில்லை, இப்பொழுது இருந்தது.

2024 ஜூலை 18ஆம் நாள் வாசிர்எக்ஸ் என்னும் இந்திய வாணிப நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. அது அந்நிலையத்தார் கைவசம் வைத்திருந்தவற்றுள் ஏறக்குறையப் பாதி. பணம் எடுத்தலை நிறுத்திவிட்டனர். செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட தம்பி, வேலை விட்ட கையோடு, எண்ணெய்க் கறை படிந்த சட்டையுடன் என் வீட்டிற்கு வந்தான். “அண்ணா, நம் பணம் அங்கேயா இருக்கிறது?” என்றான்.

இல்லை, நம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதில் பெரும்பகுதி மெய்யுமாகும். அவன் முகத்தைப் பார்த்த பின்னர் அது வாயில் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். தொகையையும் நாளையும் மறைத்த மாதங்களையும் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அமுக்குவதற்கு முன் அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது?” என்று கேட்டான்.

“படிக்கவில்லை” என்றேன்.

அவன் சினந்து கொள்ளவில்லை. தன் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொன்னான். துளையின் அளவைச் சோதிக்க இரு முனையுள்ள ஒரு கேஜ் உண்டு. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மற்றது போகலாகாது. ஒருமுறை சோதனை செய்பவர், இயந்திரக்காரன் வாயால் சொன்ன அளவை நம்பி, கேஜை எடுத்து நுழைத்துப் பாராமலே சீட்டில் கையொப்பமிட்டுவிட்டார். நானூறு புஷ்கள் திரும்பி வந்தன. “கேஜ் மேசை மேலேதான் இருந்தது, அண்ணா” என்றான். இதற்குமேல் அவன் என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவே தம்பி மகனை அழைத்து வந்தான். அப்பிள்ளை இப்பொழுது பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவில் வேலை செய்கிறான். அக்காலம் வேறிடத்தில் இருந்தான். யாவரும் காணத்தக்க பொதுப்பதிவில் என் முகவரியைத் தேடி, மார்ச்சு மாதத்து வரியை எனக்குக் காட்டினான். நான் ஒப்பமிட்டது பணமாற்றத்திற்கன்று; என் டெதரை வேறொருவன் வேண்டுமளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிக்கே. அளவு என்ற இடத்தில் 78 இலக்கமுள்ள ஓர் எண் நின்றது. “பெரியப்பா, இவ்வளவு பெரிய எண்ணைப் பெட்டி காட்டாது, ‘வரம்பில்லை’ என்னும் பொருள்பட ஒரே சொல்லில் காட்டியிருக்கும்” என்றான். இத்தகைய அனுமதி அந்தந்த வில்லை நாணயத்தை மட்டுமே பற்றியது, ஈதரைத் தொடாது. ஈதர் தப்பியதற்குக் காரணம் என் சாமர்த்தியமன்று. அதனினும் திடுக்கிடச் செய்தது வேறொன்று. அவ்வனுமதி அன்றளவும் திறந்தே கிடந்தது! நான்கு மாதத்தில் ஒரு டெதர் வந்திருந்தாலும் அதுவும் போயிருக்கும். சிறு கட்டணம் செலுத்தி அதனை நீக்கினோம். இப்பொழுது மாதம் ஒருமுறை, வங்கிப் புத்தகத்தைச் சரிபார்ப்பது போல, தந்த அனுமதிகளைப் பார்த்து வேண்டாதவற்றை நீக்கி வருகிறேன்.

பெட்டி எனக்கு உண்மையைக் காட்டிற்று; நான் படிக்கவில்லை. வாசிர்எக்ஸ் விஷயமோ இதனினும் நுட்பமானது. களவு போன அந்தப் பணப்பையைத் திறக்க நால்வர் ஒப்பம் வேண்டும். மூவர் நிலையத்தார், ஒருவர் லிமினல் என்னும் காவல் நிறுவனத்தார். தங்கள் ஆட்கள் ஹார்டுவேர் வாலட் கொண்டே ஒப்பமிட்டனர் என்றும், திரையில் கண்டது ஒன்று, ஒப்பமானது மற்றொன்று என்றும் நிலையத்தார் கூறினர். பழி யாருடையது என்பதில் இரு நிறுவனத்தாரும் மாறுபட்டனர். 2025 ஜனவரியில் அமெரிக்க, ஜப்பானிய, தென்கொரிய அரசுகள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இக்களவை வடகொரியத் திருடர் மேல் சாட்டிற்று. அடுத்த மாதமே, பிப்ரவரி 21ஆம் நாள், துபாயிலுள்ள பைபிட் நிலையத்தில் ஏறக்குறைய நான்கு இலட்சம் ஈதர், அதாவது சுமார் 150 கோடி டாலர், அதே விதமாகச் சென்றது. அங்கே ஒப்பமிடுவோர் உபயோகித்த சேஃப் என்னும் பணப்பையின் உலாவிப் பக்கத்திலேயே கள்ள நிரல் நுழைக்கப்பட்டிருந்தது. திரையில் தெரிந்தது வழக்கமான பணமாற்றம். பெட்டிக்கு வந்ததோ பணப்பையின் ஆட்சியையே மாற்றும் கட்டளை. கடைசியாக ஒப்பமிட்டவர் அந்நிறுவனத் தலைவர் பென் ஜோவே ஆவார்.

பெட்டிக்குப் புரியாத கட்டளை வரும்பொழுது அது பொருளைக் காட்டாது. பொருள் விளங்காத எழுத்துச் சரம் ஒன்றை மட்டும் காட்டும். அதற்கு ஒப்பமிடுவதைக் குருட்டுக் கையொப்பம் என்பர். பெட்டியில் அதனைத் தடுக்கும் அமைப்பு உண்டு. நான் அதனைத் தடுத்தே வைத்திருக்கிறேன். சில தளங்கள் அதனைத் திறந்துவிடுமாறு கேட்கும். அத்தளங்களை விட்டு வந்துவிடுகிறேன். என் போன்ற ஓய்வூதியக்காரனுக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை.

எங்கள் வீட்டில் இப்பொழுது நடக்கும் முறையையும் சொல்லி விடுகிறேன். பணக் காரியத்திற்கென்று உலாவியில் தனியே ஒரு பகுதி வைத்திருக்கிறேன், அதில் வேறு இணைப்புகள் ஒன்றுமில்லை, போக வேண்டிய தளங்களை முன்னமே குறித்து வைத்துள்ளேன், தேடிச் செல்வதில்லை. சேமிப்பு ஒரு முகவரியில் இருக்கும். அது எத்தளத்தோடும் இணைவதில்லை. தளங்களோடு பழகுவது சிறுதொகை உள்ள வேறொரு முகவரி. பெருந்தொகை அனுப்புமுன் சிறுதொகை அனுப்பிப் பார்த்தலும் உண்டு. அனுப்பும் முகவரியைப் பெட்டியின் திரையில் முதலிலிருந்து முடிவு வரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறேன். முன் நான்கு பின் நான்கு போதா. முன்னும் பின்னும் ஒத்த முகவரிகளை உண்டாக்கி, அவற்றிலிருந்து அற்பத் தொகையை அனுப்பிக் கணக்கில் பதியவைத்து, நாம் அதனையே நகலெடுக்கக் காத்திருப்போர் உளர். 2024 மே மாதத்தில் ஒருவர் இவ்வாறு சுமார் 6.8 கோடி டாலரைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார். பின்னர்ப் பெரும்பகுதி திரும்பி வந்ததாம், அவர் பாக்கியசாலி.

கடிதம் வரினும் நம்புவதில்லை. 2020ஆம் ஆண்டில் லெட்ஜர் நிறுவனத்தில் பெட்டி வாங்கியவருள் ஏறக்குறைய 2,72,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியன வெளியாயின. அவர்களுட் சிலர் வீட்டிற்கு, அடுத்த ஆண்டில், அந்நிறுவனமே அனுப்பியது போன்ற போலிப் பெட்டிகள் தபாலில் வந்தன. பெட்டி பழுதாயிற்று, சொற்களைப் பதிந்து சரிபார்க்க என்று யார் கேட்பினும், கேட்பவன் திருடன் என்றே கொள்ள வேண்டும்.

கணக்கனாதலின் வரியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2022 ஏப்ரல் முதல் இவ்வகை இலாபத்திற்கு நூற்றுக்கு 30 வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்கவும் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே என் 600 டெதருக்கு வருமான வரிப் படிவத்திலும் அனுதாபம் கிடைக்கவில்லை. ஆயினும் 2025 அக்டோபர் 25ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் வழங்கிய ஒரு தீர்ப்பு கவனிக்கத் தக்கது. வாசிர்எக்ஸில் முடங்கிய தம் 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்களுக்காகச் சென்னைவாசி ஒருவர் தொடுத்த வழக்கு அது. திருடு போனவை வேறு வகை நாணயங்கள். கிரிப்டோ நாணயம் கைக்கு அகப்படும் பொருளன்றாயினும், உடைமை கொள்ளவும் அனுபவிக்கவும், பிறர் பொருட்டு நம்பிக்கையாக வைத்திருக்கவும் கூடிய சொத்தே என்று நீதிமன்றம் கூறிற்று. இதனைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். ‘பிறர் பொருட்டு நம்பிக்கையாக’ என்ற இடத்தில் அவன் என்னைப் பார்த்தான். நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஈரம் பட்ட காகிதத்தின் நினைவு வந்தது. நான் இறந்துவிட்டால் அவன் பணத்திற்கு வழி என்ன? சொற்களைத் தம்பியிடமே கொடுத்துவிடலாம் என்றேன். அவன், “காகிதம் வேண்டாம், எஃகில் அடித்துவிடலாம்” என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு சுத்தியலும், எழுத்து அடிக்கும் பஞ்சுகள் ஒரு தொகுதியும், துருப்பிடியாத எஃகுத் தகடுகள் மூன்றும் கொண்டு வந்தான். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்து அடித்தால் போதும். பொதுப்பட்டியலில் எவ்விரு சொற்களுக்கும் முதல் நான்கும் ஒன்றாயிரா. அடித்தல் அவன் கைக்கு எளிய வேலை. நான் காகிதத்தை நீட்டியதும் அவன் வாங்க மறுத்தான். “நீங்களே அடியுங்கள், அண்ணா, நான் இதைப் பார்க்கவே கூடாது” என்று சொல்லி வாயில் திண்ணையில் போய் அமர்ந்தான்.

அறுபத்து நான்கு வயதில் சுத்தியல் பிடித்தேன். மாலை வரை ஆயிற்று. பிறகு, அவன் மகன் சொன்னபடி, காகிதத்தையும் அருகே வைத்துக்கொண்டு, பெட்டியின் இரகசிய எண்ணை வேண்டுமென்றே மூன்று முறை தவறாக இட்டு, அதனை வெறுமையாக்கினேன். தகட்டைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக இடத் தொடங்கினேன். பதினேழாம் சொல்லில் பெட்டி நின்றுவிட்டது. தகட்டில் இருந்தபடி எழுத்தை இட்டால் அத்தகைய சொல் பட்டியலில் இல்லை. நெஞ்சு படபடத்தது. மை பரவிய காகிதத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ‘எம்’ என்னும் எழுத்தைத் தலைகீழாக அடித்து ‘டபிள்யூ’ ஆக்கியிருந்தேன்.

“என்ன அண்ணா, சத்தத்தையே காணோம்?” என்று வெளியிலிருந்து கேட்டான்.

எழுத்து தலைகீழாகிவிட்டது என்றேன். எந்த எழுத்து என்று அவன் கேட்கவில்லை. “அடிக்கு முன் பஞ்சின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள்” என்றான். பிழையைச் சரிசெய்து மீதிச் சொற்களை இட்டேன். ஈதர் குறையாமல் திரையில் வந்து நின்றது. பிழை பட்ட தகட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, எஞ்சிய இரண்டு தகடுகளை எடுத்து மறுபடியும் முதற் சொல்லிலிருந்து தொடங்கினேன். ஒன்று எனக்கு, மற்றொன்றை உறையிலிட்டு முத்திரை வைத்து, இரவு ஒன்பது மணிக்கு அவன் கையில் கொடுத்தேன்.